நன்னூல் நோக்கில் ஓர் இணையதளம்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல இலக்கணத்தில் ஏதாவது ஒரு பகுதியை எடுத்து எழுதித் தந்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் செயற்குழுவிலிருந்து வேறொரு வேலை வந்து சேர்ந்தது. நம் சங்கத்தின் பழைய இணையதளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். இவ்வூர் கிரியேட்டிவ் ஏஜென்சி ஒன்று 2,40,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. பணம் கல்வி உதவி நிதியிலிருந்து எடுக்கப்பட வேண்டும். "ஐயா, நீங்க வியாபாரி, நாலு பேரைப் பார்த்தவரு. அவங்களோட சொந்த வெப்சைட்டை ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டு, உங்க அபிப்பிராயத்தை எழுத்துல குடுத்துடுங்க" என்றார் செயலாளர்.

இரண்டு வேலையையும் ஒன்றாக்கிவிட்டேன். அந்த அபிப்பிராயமும் இந்தக் கட்டுரையும் ஒன்றுதான். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அடுத்தவன் கடையின் குறையைப் பெயர் சொல்லிக் கூவுவது வியாபாரிக்கு அழகல்ல. மேலும் இது ஒரு கடையின் குறை மட்டும் இல்லை. இதே தொழிலில் இருக்கும் இன்னும் ஏழெட்டுத் தளங்களைப் பார்த்தேன். பெரும்பாலும் இதே போக்குதான்.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979இல் அகமதாபாத்துக்கு வந்து, மாணெக் சௌக் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் கணக்கெழுதி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன். எவர்சில்வர், பித்தளை, செம்பு விற்கிறேன். நன்னூல் எங்கள் வீட்டுத் திண்ணையில் தாத்தா சொல்லிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் என் பேத்தி சொல்லிக் கொடுத்தது. இந்த இரண்டு படிப்பையும் கடையில் கற்றதையும் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எதற்கு நன்னூல்?

சீயகங்கன் என்னும் கங்க மன்னன் வேண்டிக்கொள்ள, பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த இலக்கணம் நன்னூல். எழுத்தையும் சொல்லையும் பற்றிப் பேச வந்தவர், அதற்கு முன் பாயிரத்தில் நூல் எப்படி இருக்க வேண்டும், சொல்லிக் கொடுப்பவர் எப்படி இருக்க வேண்டும், கேட்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துச் சொல்கிறார். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து, நூலுக்கு வேண்டிய அழகுகள் பத்து என்று இரண்டு பட்டியல் அங்கே வரும். பள்ளியில் தமிழ் படித்தவர்கள் பலருக்கு இது நினைவிருக்கும்.

அந்த அழகுகளைக் கவனித்துப் பாருங்கள். சுருங்கச் சொல்வது ஓர் அழகு. விளங்கும்படி வைப்பது ஓர் அழகு. எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்ற முறை ஓர் அழகு. ஓசை இனிமையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பார்வைக்கு அழகு ஒரு பக்கம், பயன்பாட்டுக்கு வசதி ஒரு பக்கம் என்று முனிவர் இரண்டு பேரேடு வைத்துக்கொள்ளவில்லை. படிக்கிறவனுக்கு எளிதாக விளங்குவதே அழகுதான் அவர் கணக்கில்.

இன்றைய இணையத் துறையில் பெரியவர்கள் சொல்வதும் இதற்குத் தூரமில்லை. ஜேக்கப் நீல்சன் என்பவர் 1994இல், கம்ப்யூட்டர் திரை எப்படி அமைய வேண்டும் என்பதற்குப் பத்து விதிகளை ஒழுங்குபடுத்தித் தந்தார். பார்ப்பவனுக்குத் தெரிந்த மொழியில் பேசு, எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி அவனை வருத்தாதே, தேவையற்றதைத் திரையில் சேர்க்காதே என்று போகும் அந்த விதிகள். ஸ்டீவ் க்ரக் என்பவர் 2000இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே "என்னை யோசிக்க வைக்காதே" என்று பொருள்படும். முனிவருக்கும் இவர்களுக்கும் நடுவே எண்ணூறு ஆண்டு இடைவெளி. படிக்கிறவன் பக்கம் நின்று பேசுவதில் மூவரும் ஒன்று. ஆகவே நன்னூல் அளவுகோலை இணையதளத்தின் மேல் வைப்பது வலிந்து செய்த வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைக்குள் நுழைந்தால்

தளத்தின் பெயரைத் தட்டினேன். திரை முழுவதும் கறுப்பு. நடுவில் ஒரு எண்: 0. அது மெல்ல 7, 23, 58 என்று ஏறி 100ஐத் தொட்டது. என் வீட்டு இணைப்பில் பதினோரு நொடி ஆயிற்று. கடைச் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, வந்தவரை வாசலில் நிறுத்தி எண்ணச் சொன்ன மாதிரி இருந்தது.

பிறகு திரை விரிந்து ஒரு சினிமா ஓடியது. மண் பிசையும் கை, சாயத் தொட்டி, மழையில் நனைந்த தெரு. நல்ல ஒளிப்பதிவு, குறை சொல்ல மாட்டேன். அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி. தாங்கள் அனுபவங்களைச் செதுக்குவதாகச் சொல்லிக்கொள்ளும் வரி. மவுஸை அசைத்தால் வழக்கமான அம்புக்குறி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளை வட்டம் அரை நொடி தாமதித்துப் பின்னால் வருகிறது. சக்கரத்தை ஒருமுறை உருட்டினால் பக்கம் கீழே போகாமல் பக்கவாட்டில் ஒரு முழத் திரை நகர்கிறது. மூலையில் இரண்டு மெல்லிய கோடுகள். அதுதான் மெனு என்று பேத்தி சொல்லித்தான் தெரிந்தது.

சினிமா, கறுப்பு, எண்ணிக்கை எல்லாம் புதுமை என்று நினைத்துவிடக் கூடாது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்த முகப்புப் படங்கள் எல்லாத் தளங்களிலும் ஓடின. அவற்றின் ஓரத்தில் "இதைத் தாண்டிப் போக" என்று ஒரு பட்டனாவது இருந்தது. எல்லாரும் முதலில் அதைத்தான் தட்டினார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கே அதன் நிறுவனம் மங்களம் பாடிவிட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. இப்போது தாண்டிப் போகும் பட்டனும் இல்லை.

ஐந்து பேர் பரீட்சை

என் ஒருவன் கண்ணை மட்டும் நம்பி எழுதினால் அது கிழவன் புலம்பல் ஆகிவிடும். ஐந்து பேரைக் கொண்டு பார்த்தாலே ஒரு தளத்தின் பெரும்பாலான கோளாறுகள் வெளிப்பட்டுவிடும் என்பது 2000இல் நீல்சன் எழுதிய கருத்து. அதன்படி ஐந்து பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டேன்: மணிநகரில் எங்கள் அடுத்த வீட்டு அம்மா, மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர், நம் ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை, என் கடையில் இருக்கும் குஜராத்திப் பையன், பொறியியல் படிக்கும் ஒரு மாணவன். எல்லாரும் தினமும் கைபேசியில் பணம் அனுப்புகிறவர்கள், ரயில் டிக்கெட் எடுக்கிறவர்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மூன்றே கேள்வி கொடுத்தேன். இந்த நிறுவனத்தாரோடு ஃபோனில் பேச என்ன எண்? இவர்கள் இணையதளம் செய்து தருகிறவர்களா? நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ இவர்கள் ஏதாவது செய்திருக்கிறார்களா?

ஃபோன் எண்ணை ஐவரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. காரணம், எண் அங்கே இல்லை. ஒரு படிவம் இருக்கிறது. பெயர், மின்னஞ்சல், உங்கள் பட்ஜெட் என்ன என்று கேட்கிறது. கடைக்கு வந்தவரிடம், வாங்க என்று சொல்லுமுன் பையில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிற வழக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இரண்டாம் கேள்விக்கு மாணவன் மட்டும் பதில் கண்டான். மூன்றாம் கேள்விக்கு ஆசிரியை நெருங்கினார். பின்னால் வரப் பட்டனைத் தட்டியதும் தளம் மறுபடி 0இலிருந்து எண்ணத் தொடங்கவே, "போதும் அண்ணே, எனக்குத் தலை சுத்துது" என்று எழுந்துவிட்டார். அடுத்த வீட்டு அம்மாள் சொன்ன ஒன்றுதான் என்னைத் தைத்தது. "எனக்குத்தான் தெரியல போல. நான் படிக்காதவ." தளம் செய்த தவற்றுக்கு அந்த அம்மா தன்னைக் குற்றவாளி ஆக்கிக்கொண்டார். தெரியாமல் செய்தாலும் இப்படி ஒருவரைக் கூச வைப்பதைச் சின்னக் குறை என்று தள்ள முடியவில்லை.

இனி குற்றங்கள்

முதலில் மயங்க வைத்தல். பொருள் இதுவோ அதுவோ என்று படிக்கிறவனைத் தடுமாற விடுவதை இப்படிச் சொல்வார்கள். எது படம், எது பட்டன் என்று இந்தத் தளத்தில் தெரியவில்லை. சில சொற்களைத் தட்டினால் பக்கம் மாறுகிறது; அதே வடிவில் அதே நிறத்தில் இருக்கும் வேறு சொற்களைத் தட்டினால் ஒன்றும் நடப்பதில்லை. மூலையில் இருக்கும் கோட்டு மெனுவுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஸெராக்ஸ் கம்பெனியின் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக 1981இல் நார்ம் காக்ஸ் என்பவர் வரைந்த மூன்று கோட்டுக் குறி அது. இடம் போதாத சின்னத் திரையில் பட்டியலை மடித்து வைக்க அது உதவும். கைபேசியில் அதற்கு வேலை இருக்கிறது. இரண்டு முழத் திரையில், சுற்றிலும் காலி இடத்தை வைத்துக்கொண்டு, ஐந்தே சொற்களை இரண்டு கோட்டுக்குள் ஒளித்து வைப்பானேன்?

அடுத்து, குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும். இரண்டும் எதிரெதிர்க் குற்றங்கள். ஆனால் ஒரே தளத்தில் இரண்டும் இருக்க முடியும் என்பதை இங்கேதான் கண்டேன். தங்களைப் பற்றி மிகுதியாகச் சொல்கிறார்கள்: எங்கள் தத்துவம், எங்கள் குழு, எங்கள் நாய்க்குட்டி, எங்களுக்கு வந்த விருதுகள். வந்தவனுக்கு வேண்டியதைக் குறைத்துச் சொல்கிறார்கள்: என்னென்ன வேலை செய்வோம், எத்தனை நாளாகும், முடித்த பிறகு கோளாறு வந்தால் யார் பார்ப்பது. செய்த வேலைகளின் பக்கத்தில் முப்பது லோகோக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கம்பெனிக்கும் என்ன செய்தார்கள் என்று ஒரு வரி இல்லை. ஒருவருக்கு முழு விளம்பரத் திட்டமும் செய்திருக்கலாம், இன்னொருவருக்கு ஒரு விசிட்டிங் கார்டு அடித்திருக்கலாம். லோகோவைப் பார்த்து எப்படி அறிவது?

மூன்றாவது வெற்றெனத் தொடுத்தல். பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டே போவது. அனுபவம், பயணம், கதை, உயிர்ப்பு, தொலைநோக்கு என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு என் பாத்திரக் கடையின் பெயரைப் போட்டுப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. அடுத்த தெருப் பல் டாக்டர் பெயரும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் அளவெடுத்துத் தைத்ததாக இருக்காது.

எழுத்தின் தோற்றத்தைப் பற்றி நன்னூலில் இந்த இடத்தில் பேச்சில்லை. இன்றைய அளவுகோல் இருக்கிறது. உலக இணைய அமைப்பு 2008இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். இந்தத் தளத்தின் உடல் எழுத்து, வெள்ளைமேல் வெளிர்ச் சாம்பல், நூல் போன்ற மெலிவு. பேத்தி கருவி வைத்து அளந்து பார்த்தாள், 3க்கும் கீழே. அறுபது தாண்டிய கண்ணுக்கு அது எழுத்தே அல்ல, புகை. நம் நாட்டிலேயே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்களும் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. அதைத் தொழிலாகக் கொண்டவர்கள் வீட்டிலேயே விளக்கு மங்கலாக இருக்கிறது.

ஒரு பொங்கல் வாழ்த்து

எல்லாவற்றையும்விட என்னை வருத்திய ஒன்றை இப்போது சொல்கிறேன். செய்த வேலைகளில் ஓர் இனிப்புக் கடைக்கு அவர்கள் செய்த பண்டிகை வாழ்த்துப் படங்கள் இருக்கின்றன. நம் ஊரில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்கள் என்று அந்தக் கடைக்காரர் தமிழிலும் ஒரு பொங்கல் வாழ்த்து போடச் சொல்லியிருக்கிறார் போலும். கரும்பு, மஞ்சள் கொத்து, கோலம், நிறம் எல்லாம் கண்ணுக்கு நிறைவு. நடுவில் இருக்கும் "பொங்கல்" என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கிறது. கால் இன்னொரு பக்கம்.

இது எதனால் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூனிகோட் முறையில் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. படம் செய்யும் மென்பொருள்கள் சிலவற்றில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காமல் விட்டால் கொம்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் சரியா தப்பா என்று கேட்க, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்க வேண்டும். மணிநகர் மார்க்கெட்டில் காய் வாங்க வந்த யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

வழுவுடைய சொல்லைப் புணர்ப்பதை ஒரு குற்றமாக முனிவர் வைத்திருக்கிறார். அவர் நினைத்தது இலக்கணப் பிழையை. இங்கே எழுத்தே முறிந்து கிடக்கிறது. அதுவும் பெருமையாகக் காட்சிக்கு வைத்த இடத்தில். இவர்களிடம்தான் நம் சங்கத்தின் தமிழ்ப் பக்கங்களை ஒப்படைக்கப் போகிறோம். தமிழுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். கீ, கூ போன்றவற்றின் சுழிகள் வரியை இடிக்கக் கூடாது. நம் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனுக்குள் "உறுப்பினர் சேர்க்கை" அடங்காது. இவையெல்லாம் முதல் நாளே நினைவில் வைக்க வேண்டியவை.

பேத்தி சொன்ன மறுப்பு

இதுவரை எழுதியதைப் பேத்தியிடம் படித்துக் காட்டினேன். அவள் இங்கே ஒரு கல்லூரியில் டிசைன் படிக்கிறாள். "தாத்தா, நீங்க சொல்றது பாதி சரி, பாதி அநியாயம்" என்றாள்.

அவள் வாதம் இது. ஏஜென்சியின் தளம் டெலிபோன் டைரக்டரி இல்லை. பெரிய கம்பெனிகளின் விளம்பர மேலாளர்கள் பார்க்க வருகிற இடம். அவர்களுக்கு வியப்பு வர வேண்டும். இவர்களால் இப்படியெல்லாம் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வர வேண்டும். நகை வியாபாரி ஜன்னலில் ஒரே ஒரு மாலையை வைத்துச் சுற்றிலும் காலியாக விடுகிறான், விலைச்சீட்டு தொங்கவிடுவதில்லை. அது மாதிரிதான் இதுவும். "உங்க அஞ்சு பேர்ல அந்த காலேஜ் அண்ணா என்ன சொன்னாரு? அதை ஏன் எழுதல?"

அது உண்மை, எழுதாமல் விட்டிருந்தேன். அந்த மாணவன் "சூப்பரா இருக்கு சார்" என்றான். வேலை முடிந்த பிறகும் கால்மணி நேரம் அந்த வெள்ளை வட்டத்தோடு விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது இனித்தது. முதல் திரையில் ஃபோன் எண் வேண்டும் என்பது என் வியாபாரப் பழக்கம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏஜென்சி தன் தளத்தைத் தனக்கு வேண்டிய வாடிக்கையாளருக்காகச் செய்துகொள்ள உரிமை உண்டு. ஆனால் மங்கலான எழுத்தும் உடைந்த கொம்பும் விளம்பர மேலாளர் கண்ணுக்கு மட்டும் அழகாகிவிடுமா? அதற்கு அவளிடமும் பதில் இல்லை.

மறுநாள் அவளே ஒரு அச்சுப்படியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உங்க கடைச் சாமானைப் பத்தி இருக்கு, படிங்க." சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி 1958இல் இந்திய அரசுக்குத் தந்த அறிக்கை. அதன் விளைவாகத்தான் 1961இல் நம் ஊர் பால்டியில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஏற்பட்டது. இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்த அவர்கள், தாங்கள் கண்ட பொருள்களில் மிக உயர்ந்ததாக, மிக அழகானதாக எதை நினைத்தார்கள் தெரியுமா? லோட்டாவை. நம் வீட்டுச் செம்பை.

நாற்பது ஆண்டுக்கு மேலாக நான் எடைபோட்டு விற்கிற சாமான் அது. அவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம். எவ்வளவு தண்ணீர் மொள்ள வேண்டும், எந்தக் கை பிடிக்கும், இடுப்பிலா தலையிலா கையிலா எதில் சுமப்பார்கள், நிறைந்திருக்கும்போது எப்படி இருக்கும், காலியாக இருக்கும்போது எப்படி இருக்கும், சாய்த்தால் எப்படி ஊற்றும், விளக்கிக் கழுவ எளிதா, விலை என்ன, இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன ஓசை வரும் என்று கேள்வி கேள்வியாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள். எந்தத் தனி மனிதனும் உட்கார்ந்து வரைந்த வடிவம் இல்லை அது. தலைமுறை தலைமுறையாகக் கைகள் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வடிவம் என்பது அவர்கள் கருத்து. பயனையும் அழகையும் ஒரே பட்டியலில் வைத்த பவணந்தியார்தான் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தார்.

நம் தளம் யாருக்கு?

அந்தக் கேள்விகளை நம் சங்கத்தின் தளத்துக்குக் கேட்டுப் பார்த்தேன். எந்தக் கை, எந்த நேரம், எதைத் தேடும்?

இப்போதிருக்கும் பழைய தளத்தைச் செய்தபோது குழுவில் நானும் இருந்தேன். மேலே ஓடுகிற எழுத்து வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஏழு நிறம், பொன்னாடைப் படங்கள், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. தொடர்பு எண்களை ஒரு படமாகச் செய்து ஒட்டினோம். பிறகு பொறுப்பாளர்கள் மாறியபோது அந்தப் படத்தை மாற்றத் தெரிந்தவர் யாரும் இல்லை.

போன ஆண்டு ஒரு குளிர்கால இரவில் நம் உறுப்பினர் ஒருவர் வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டார். மகன் வெளியூரில். மருமகள் இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, குஜராத்தி தெரியாது. சங்கம் உதவும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து, இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் நம் தளத்தைத் திறந்திருக்கிறாள். அங்கே இருந்த எண் வேலை செய்யவில்லை. விடிந்த பிறகு பால்காரர் வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. குழந்தை இரண்டையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண் ஐந்து மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். நாம் போனபோது அவள் கோபப்படவில்லை. "வெப்சைட்ல நம்பர் இருந்துச்சு மாமா, எடுக்கல" என்று மட்டும் சொன்னாள்.

ஏஜென்சியின் குற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, நின்று பயனின்மை என்ற குற்றம் நம் தளத்தின் மேல்தான் முதலில் எழுதப்பட வேண்டும் என்று தோன்றியது. சொற்கள் அங்கே நின்றன, பயன்தான் இல்லை.

குணமும் சொல்ல வேண்டும்

குற்றம் மட்டும் சொல்லி முடித்தால் நியாயமாகாது. அந்த ஏஜென்சியின் தளத்தைக் கைபேசியில் பார்த்தபோது ஆச்சரியப்பட்டேன். சின்னத் திரையில் சினிமா இல்லை, வட்டம் இல்லை, பக்கவாட்டு ஓட்டம் இல்லை. இடம் இல்லாததால் ஆபரணங்களைக் கழற்றிவிட்டார்கள். உடனே எழுத்து பெரிதாகிவிட்டது, வரிசை தெளிவாகிவிட்டது. இவர்களுக்குத் தெரியும், பெரிய திரையில் தெரிந்ததை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. செய்த வேலைகளின் கடைசியில், யாரும் போகாத மூலையில், ஒரு சின்ன ஊறுகாய்க் கம்பெனியின் பக்கம் இருக்கிறது. எண்ணெய்க் கையால் தொட்டுத் தொட்டு பாட்டில் லேபிளில் எழுத்து அழிந்துபோனதையும், எது மாங்காய் எது எலுமிச்சை என்று அலமாரியில் தெரியாமல் கடைக்காரர்கள் குழம்பியதையும், மூடியின் நிறத்தை வைத்து அதைத் தீர்த்ததையும் எட்டு வரியில் படத்தோடு சொல்லியிருக்கிறார்கள். சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், பொருத்தமான உதாரணம் மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கத்தைச் செய்தவர் நம் வேலையைச் செய்வாரானால் எனக்கு மறுப்பில்லை.

செயற்குழுவுக்கு என் விண்ணப்பம்

கொட்டேஷனைத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் சில விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். உதவி எண்கள் முதல் திரையிலேயே, தட்டினால் அழைப்பு போகும்படி இருக்க வேண்டும். படமாக ஒட்டக் கூடாது. அந்த எண்களை நம்மில் யார் வேண்டுமானாலும் மாற்றக் கற்றுத்தர வேண்டும். தமிழ்ப் பக்கங்களைத் தமிழ் படிப்பவர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிட வேண்டும். நம் ஆசிரியை சம்மதித்திருக்கிறார். எழுத்தின் அளவும் அழுத்தமும் சொன்ன நெறிப்படி இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணம், நம் ஐந்து பேர் பரீட்சையில் தளம் தேறிய பிறகே. பரீட்சைக்கு அடுத்த வீட்டு அம்மாவை மறுபடி கூப்பிடுவேன். இந்தத் தடவை அவர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும்.

இது கல்வி நிதிப் பணம். மூன்று பிள்ளைகளின் ஓராண்டுக் கட்டணம் அதில் இருக்கிறது. சினிமா காட்டுவதற்காக அதை எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பதில் கிடைக்குமென்றால் தாராளமாக எடுக்கலாம். பொதுக்குழுவில் முடிவெடுக்கப் போகிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், என் பேத்தி உட்பட, வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரைக்கும் ஒரு காரியம் செய்திருக்கிறோம். மலர்க் குழுவினரிடம் சொல்லி, செயலாளர், துணைச் செயலாளர் இருவரின் கைபேசி எண்களையும் இந்த மலரின் பின்னட்டையில் பெரிய கறுப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. தயவுசெய்து அதை வெட்டி எடுத்து வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். புதிதாக வந்த குடும்பம் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் ஒன்று கொடுங்கள்.